தார்ச் சாலையில் விரிசலையும் குழியையும் சீர்செய்தல்

தார்ச் சாலைச் சீரமைப்பு என்பது பிட்டுமனும் ஜல்லியும் கலந்து போடப்பட்ட சாலையின் மேல்தளத்தில் தோன்றும் விரிசல்களை அடைப்பதையும், அவை முற்றி உண்டாகும் குழிகளை மூடுவதையும் குறிக்கும். பேச்சு வழக்கில் இவ்வேலை 'பேட்ச் ஒர்க்' அல்லது 'ஒட்டுப்போடுதல்' எனப்படுகிறது. புதிய சாலை போடுவதோடு ஒப்பிட்டால் இது சிறிய வேலை. ஆனால் ஒரு சாலை அதன் முழு ஆயுளையும் எட்டுமா, பாதியிலேயே சிதையுமா என்பதைப் பெரும்பாலும் இந்தச் சிறிய வேலையே தீர்மானிக்கிறது.

தார்ச் சாலையின் முதன்மைப் பகை தண்ணீர். விரிசல் என்பது தண்ணீர் உள்ளே இறங்கும் வழி. குழி என்பது இறங்கிய தண்ணீர் செய்து முடித்த வேலை. எனவே மேலே தெரியும் பள்ளத்தை மட்டும் நிரப்பிவிட்டுத் தண்ணீரின் வழியை அடைக்காமல் விட்டால் அதே இடத்தில் குழி மீண்டும் விழும். ஒவ்வொரு மழைக்குப் பின்னும் ஒரே குழி திரும்பத் திரும்ப மூடப்படுவதற்கு இதுவே பொதுவான காரணம்.

சொற்கள்

தமிழில் 'தார்' என்னும் சொல் இரண்டு வெவ்வேறு பொருள்களுக்கு வழங்குகிறது. நிலக்கரியைக் காற்றில்லாமல் சூடாக்கும்போது கிடைப்பது உண்மையான தார். கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது அடியில் எஞ்சும் கருநிறப் பிசின் பிட்டுமன். இன்று சாலைகளுக்குப் பயன்படுவது பிட்டுமனே. இருப்பினும் 'தார் ரோடு' என்ற பழைய பெயர் மாறவில்லை. பிட்டுமனும் ஜல்லியும் சேர்ந்த கலவை 'அஸ்பால்ட்' என்றும், தமிழ் நூல்களில் 'நிலக்கீல்' என்றும் குறிக்கப்படுகிறது.

இந்தியாவில் சாலைப் பிட்டுமன் அதன் பாகுத்தன்மையைக் கொண்டு வி.ஜி. 10, வி.ஜி. 20, வி.ஜி. 30, வி.ஜி. 40 என நான்காகத் தரம் பிரிக்கப்படுகிறது. எண் கூடக் கூடப் பாகுத்தன்மையும் கூடும். வெப்பம் மிகுந்த சமவெளிப் பகுதிகளில் வி.ஜி. 30 பரவலாகப் பயன்படுகிறது.

சாலையின் அடுக்குகள்

தார்ச் சாலையில் கண்ணுக்குத் தெரியும் கருநிறப் பகுதி அதன் மேல் தோல் மட்டுமே. அதன் கீழே ஜல்லியாலான அடித்தளமும், அதற்கும் கீழே கிராவல் போன்றவற்றாலான துணை அடித்தளமும், எல்லாவற்றுக்கும் அடியில் இறுக்கப்பட்ட மண்ணும் உள்ளன. சக்கரத்தின் பாரம் மேலிருந்து கீழே செல்லச் செல்ல அகன்று பரவி, மண்ணைச் சேரும்போது அது தாங்கக்கூடிய அளவுக்குக் குறைந்துவிடுகிறது.

மேல்தளத்துக்கு இரண்டு பணிகள் உண்டு. ஒன்று பாரத்தைத் தாங்குவது. மற்றொன்று குடைபோல் இருந்து கீழுள்ள அடுக்குகள் நனையாமல் காப்பது. அடித்தள ஜல்லியும் மண்ணும் உலர்ந்திருக்கும்போது வலுவாக இருக்கும், நனைந்தால் வலுவிழக்கும். குடையில் ஓட்டை விழுந்தால் கீழே வலு குறையும். வலு குறைந்த இடத்தில் மேல்தளம் அதிகமாக வளைந்து மேலும் கிழியும். சாலை கெடத் தொடங்கிய பின் அக்கேடு வேகமாகப் பரவுவது இதனால்தான்.

நன்கு வடிவமைத்த அடர்ந்த தார்க் கலவையில் இறுக்கிய பின் சுமார் 3 முதல் 5 விழுக்காடு காற்றிடைவெளி இருக்கும்படி பார்த்துக்கொள்வார்கள். சரியாக இறுக்காமல் விட்டு இவ்விடைவெளி 8 விழுக்காட்டுக்கு மேல் போனால் துளைகள் ஒன்றோடொன்று இணைந்து, விரிசல் இல்லாமலே தண்ணீர் ஊடுருவும். கிராமச் சாலைகளில் போடப்படும் 20 மி.மீ. பிரீமிக்ஸ் கார்ப்பெட் இயல்பிலேயே இடைவெளி மிகுந்தது. அதனால் அதன்மேல் 'சீல் கோட்' எனப்படும் அடைப்புப் பூச்சு கட்டாயம் தேவை. அப்பூச்சு தேய்ந்துபோன சாலைகளில் ஒரே மழைக்காலத்தில் வரிசையாகக் குழிகள் விழக் காணலாம்.

விரிசலின் வகைகள்

விரிசலின் வடிவத்தைப் பார்த்தே அதன் காரணத்தைப் பெரும்பாலும் கண்டுபிடிக்கலாம். காரணம் தெரிந்த பிறகுதான் மருந்தை முடிவு செய்ய வேண்டும்.

மயிரிழை விரிசல்: மிக நுண்ணிய கோடுகள். வெயிலாலும் காற்றாலும் பிட்டுமன் நாளடைவில் இறுகி நெகிழ்ச்சியை இழப்பதாலும், புதிய சாலையைத் தவறான வெப்பத்தில் உருட்டுவதாலும் வரும்.

குறுக்கு விரிசல்: சாலையின் அகலவாக்கில் ஓடுவது. வெப்பநிலை மாற்றத்தால் மேல்தளம் சுருங்குவதால் உண்டாகும்.

நெடுக்கு விரிசல்: போக்குவரத்தின் திசையிலேயே நீண்டு ஓடுவது. அருகருகே இரு பட்டைகளாகப் போட்ட கலவை சேரும் மூட்டு சரியாக ஒட்டாதது பொதுவான காரணம். சக்கரம் ஓடும் தடத்தில் வந்தால் அது பாரத்தால் வந்த களைப்பின் தொடக்கமாக இருக்கலாம்.

கட்ட விரிசல்: மேல்தளம் பெரிய சதுரங்களாகப் பிளந்தது போலத் தோன்றும். பிட்டுமன் முதுமையடைந்ததன் அறிகுறி.

எதிரொளிப்பு விரிசல்: கீழே உள்ள பழைய சாலையின் விரிசல், மேலே புதிதாகப் போட்ட தளத்திலும் அதே வடிவில் எழுவது. பழைய விரிசலை அடைக்காமல் அதன்மேல் புதுத் தளம் போடுவதன் பயன் இது.

ஓர விரிசல்: சாலையோரத்தை ஒட்டி வருவது. ஓரத்து மண்ணரிப்பு, வடிகால் இன்மை, சாலையோர மண் தாழ்ந்துபோதல் ஆகியவை காரணங்கள்.

முதலைத்தோல் விரிசல்: சிறு சிறு துண்டுகளாகப் பின்னிப் பிணைந்த விரிசல். பாரத்தைத் தாங்கித் தாங்கி மேல்தளம் களைத்ததையும், பெரும்பாலும் அடித்தளம் வலுவிழந்ததையும் இது காட்டுகிறது. இவ்வகைக்கு மேலே தார் ஊற்றி அடைப்பது தீர்வாகாது. அப்பகுதியை வெட்டியெடுத்து அடியிலிருந்து சீர்செய்ய வேண்டும்.

குழி உருவாகும் விதம்

மழைநீர் விரிசல் வழியே இறங்கி அடித்தளத்தில் தங்குகிறது. அதன்மேல் கனரக வண்டி ஏறும்போது, அடைபட்ட தண்ணீருக்குப் போக வழியில்லாததால் அழுத்தம் கூடுகிறது. சக்கரம் கடந்ததும் அழுத்தம் சட்டென்று இறங்குகிறது. இந்த ஏற்ற இறக்கத்தில் தண்ணீர் முன்னும் பின்னும் பாய்ந்து நுண்மணலையும் மண்ணையும் விரிசல் வழியே வெளியே தள்ளுகிறது. மழை நின்ற பின் விரிசலைச் சுற்றிச் சேற்றுக் கறை படிந்திருந்தால் உள்ளே இது நடக்கிறது என்று பொருள். அடியில் வெற்றிடம் உண்டானதும் மேலுள்ள துண்டு உடைந்து பெயர்கிறது. பெயர்ந்த துண்டைச் சக்கரம் தள்ளிவிட, குழி பிறக்கிறது. அடுத்தடுத்த சக்கரங்கள் அதன் விளிம்பில் இடித்து அதை அகலமாக்குகின்றன.

குளிர்நாடுகளில் உள்ளே புகுந்த நீர் உறைந்து சுமார் 9 விழுக்காடு விரிவதும், பின் உருகுவதும் குழிக்கு முக்கியக் காரணமாகச் சொல்லப்படுகின்றன. தமிழ்நாட்டுச் சமவெளியில் உறைபனி இல்லை. இங்கே வேலையைச் செய்வது மழையும் பாரமும் மட்டுமே.

இங்கு வேறொரு காரணமும் சேர்கிறது. சாலைக்குப் பயன்படும் கருங்கல் ஜல்லியின் பரப்பு பிட்டுமனைவிடத் தண்ணீரையே அதிகம் விரும்பி ஒட்டும். தண்ணீரில் நெடுநேரம் ஊறிய சாலையில் ஜல்லியைச் சுற்றியிருக்கும் பிட்டுமன் படலம் உரிந்துவிடுகிறது. கையால் கிளறினாலே கல் தனித்தனியாக வருவது இந்நிலையைக் காட்டும். இதைத் தடுக்க நீற்றிய சுண்ணாம்பும் வேறு ஒட்டுதல் வேதிப்பொருள்களும் கலவையில் சேர்க்கப்படுகின்றன. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவன் உருவாக்கிய பிளாஸ்டிக் சாலை முறையின் ஒரு பயனும் இதுவே. சூடான ஜல்லியின்மேல் பிளாஸ்டிக் கழிவு உருகி மெல்லிய உறையாகப் படிவதால் தண்ணீர் கல்லை எளிதில் அண்ட முடிவதில்லை. இந்தப் பணிக்காக அவருக்கு 2018இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

பாரத்தின் பங்கையும் குறைத்து மதிப்பிட முடியாது. 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் நடந்த பெரிய சாலைச் சோதனையிலிருந்து, அச்சுப் பாரம் கூடும்போது சாலைக்கு உண்டாகும் சேதம் ஏறக்குறைய அதன் நான்காம் அடுக்கில் கூடுகிறது என்ற விதி பெறப்பட்டது. அதாவது ஓர் அச்சின்மேல் பாரம் இரு மடங்கானால் சேதம் சுமார் 16 மடங்காகும். அளவுக்கு மிஞ்சி ஏற்றிய ஒரு மணல் லாரி, பல்லாயிரம் கார்கள் செய்யாத சேதத்தைச் செய்துவிடும்.

நகரங்களில் குழிக்கு இன்னொரு தோற்றுவாய் உண்டு. குடிநீர்க் குழாய், பாதாளச் சாக்கடை, மின்கேபிள் ஆகியவற்றுக்காகத் தோண்டிய பள்ளத்தை அடுக்கடுக்காக இறுக்காமல் ஒரேயடியாக மண் தள்ளி மூடினால் அது மழையில் அமுங்கும். அதன் விளிம்பு எவ்வளவு நேர்த்தியாகத் தார் போட்டாலும் பிளக்கும்.

விரிசலை அடைத்தல்

விரிசல் அடைப்பில் இரு முறைகள் உள்ளன. வெப்பநிலைக்கு ஏற்ப விரிந்து சுருங்கும் விரிசல்களை, உடன் நீளக்கூடிய ரப்பர் கலந்த அடைப்புப் பொருளால் மூடுவது ஒன்று. அசைவு அதிகமில்லாத விரிசல்களைப் பிட்டுமன் எமல்ஷன் போன்றவற்றால் நிரப்புவது மற்றொன்று. ஆண்டில் 3 மி.மீ. அல்லது அதற்கு மேல் திறந்து மூடும் விரிசலை அசையும் விரிசலாகக் கொள்வது அமெரிக்கக் கையேடுகளின் வழக்கம்.

அகலத்தைப் பொறுத்தும் முறை மாறும். மயிரிழை விரிசல்களுக்குள் எதையும் ஊற்ற முடியாது. அவை பரவலாக இருந்தால் நீர்த்த எமல்ஷனைத் தெளிப்பதோ, மணலும் எமல்ஷனும் கலந்த கூழை மெல்லப் பரப்புவதோ பொருத்தம். சுமார் 5 மி.மீ. முதல் 20 மி.மீ. வரையுள்ள தனித்தனி விரிசல்கள் அடைப்புக்கு ஏற்றவை. அதைவிட அகன்றவற்றில் நுண்ஜல்லியும் பிட்டுமனும் சேர்ந்த கலவையைத் திணிக்க வேண்டும்.

வேலையின் வரிசை பின்வருமாறு:

1. விரிசலுக்குள் இருக்கும் மண், புல், பழைய அடைப்பு ஆகியவற்றைக் கம்பியாலும் தூரிகையாலும் சுரண்டி எடுத்தல். அசையும் விரிசலாயின் இயந்திரத்தால் அதைச் சீரான அகலத்துக்கு வெட்டிக்கொள்வதும் உண்டு.

2. கம்ப்ரசர் காற்றால் தூசியை ஊதி வெளியேற்றுதல்.

3. விரிசலை முழுமையாக உலர வைத்தல். ஈரம் இருந்தால் சூடான காற்றை ஊதி உலர்த்தலாம். நேரடித் தீச்சுடரைக் காட்டினால் பிட்டுமன் கருகி ஒட்டுதலை இழக்கும்.

4. அடைப்புப் பொருளை அதன் உற்பத்தியாளர் சொல்லும் வெப்பத்துக்குக் காய்ச்சி, அடியிலிருந்து மேலாக நிரப்புதல். அளவுக்கு மீறிக் காய்ச்சினால் அதிலுள்ள ரப்பர் கெடும்.

5. வழிந்ததைத் துடைத்துச் சமன்செய்து, சக்கரத்தில் ஒட்டாதபடி மணலோ கல்தூளோ தூவுதல்.

இவற்றுள் இரண்டாவதும் மூன்றாவதும் பெரும்பாலும் தவிர்க்கப்படுகின்றன. தூசியின்மேல் ஊற்றிய அடைப்பு தூசியோடுதான் ஒட்டும்; சாலையோடு ஒட்டாது. சில மாதங்களில் நாடாவைப்போல உரிந்துவரும் அடைப்புகளுக்கு இதுவே காரணம்.

குழியை மூடுதல்

குழி மூடும் கலவைகள் இருவகை. ஆலையில் காய்ச்சிக் கலந்து சூடாகவே கொண்டுவந்து போடுவது சூட்டுக் கலவை. சூடாக்காமலே பயன்படுத்துவது குளிர் கலவை. குளிர் கலவையில் பிட்டுமன் இளகிய நிலையில் இருக்க இரு வழிகள் உண்டு. மண்ணெண்ணெய் போன்ற எண்ணெயால் அதை இளக்கினால் அது கட்பேக் பிட்டுமன். எண்ணெய் ஆவியாகக் கலவை இறுகும். பாலில் கொழுப்பு மிதப்பதுபோலப் பிட்டுமனை நுண்துளிகளாகத் தண்ணீரில் மிதக்கவிட்டால் அது எமல்ஷன். தண்ணீர் பிரிந்ததும் பிட்டுமன் கல்லில் படியும். ஈரமான கருங்கல்லின் பரப்பு எதிர் மின்னூட்டம் கொண்டதாக இருப்பதால், நேர் மின்னூட்டம் கொண்ட எமல்ஷன் அதில் நன்கு பிடிக்கிறது.

நீண்டநாள் நிற்க வேண்டிய ஒட்டுக்குச் சூட்டுக் கலவையே முதல் தேர்வு. அதன் முறை:

1. எல்லை குறித்தல். குழியின் வாயை மட்டும் கணக்கில் கொள்ளாமல், சுற்றிலும் தளர்ந்துபோன பகுதியையும் சேர்த்து, கெட்டியான சாலை தொடங்கும் இடம்வரை சதுரமாகவோ செவ்வகமாகவோ கோடிட வேண்டும். ஒரு பக்கம் போக்குவரத்துத் திசைக்கு இணையாக இருக்க வேண்டும்.

2. வெட்டுதல். ஓரங்கள் செங்குத்தாக நிற்க வேண்டும். சரிந்த ஓரத்தில் கலவை மெல்லிய நாக்காக முடியும். முதலில் பெயர்வது அந்த நாக்குதான். அடிப்பகுதி உறுதியான அடுக்கு வரும்வரை தோண்டப்பட வேண்டும்.

3. தண்ணீரையும் சேற்றையும் அகற்றி, உலர்த்தி, தூசி நீக்குதல்.

4. அடித்தளமே கெட்டிருந்தால் அதைத் தோண்டியெடுத்துப் புதிய ஜல்லியை அடுக்கடுக்காக இறுக்குதல்.

5. ஒட்டுப்பூச்சு. அடியிலும் நான்கு சுவர்களிலும் எமல்ஷனைப் பூச வேண்டும். பழைய தார்ப்பரப்பின்மேல் சதுர மீட்டருக்கு 0.20 முதல் 0.30 கிலோ போதும். பூசியதும் பழுப்பாக இருக்கும் எமல்ஷன், தண்ணீர் பிரிந்ததும் கறுக்கும். கறுத்த பிறகே கலவையைப் போட வேண்டும். பூச்சு குட்டையாகத் தேங்கினால் அதுவே ஒட்டு வழுக்கக் காரணமாகும்.

6. கலவை பரப்புதல். வி.ஜி. 30 பிட்டுமனால் ஆன கலவை ஆலையில் 150 முதல் 165 டிகிரி செல்சியஸில் கலக்கப்பட வேண்டும். பரப்பும்போது 140 டிகிரிக்குக் குறையக்கூடாது என்பது மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் விதி. ஆழமான குழியை ஒரே அடுக்காக நிரப்பினால் மேல்பகுதி மட்டும் இறுகி அடி தளர்ந்தே இருக்கும். எனவே அடுக்கடுக்காக நிரப்ப வேண்டும்.

7. இறுக்குதல். கலவையின் சூடு 90 டிகிரிக்குக் கீழே இறங்கும் முன் உருட்டி முடிக்க வேண்டும். சிறிய குழிக்கு அதிர்வுத் தட்டு அல்லது சிறிய ரோலர் போதும். ஓரங்களை முதலில் இறுக்கிப் பிறகு நடுவுக்கு வர வேண்டும். முடிந்த ஒட்டு சாலை மட்டத்தைவிட 3 முதல் 6 மி.மீ. உயர்ந்திருப்பது நல்லது, போக்குவரத்து அதை மேலும் அமுக்கிச் சமமாக்கும்.

8. மூட்டை அடைத்தல். புதிய ஒட்டும் பழைய சாலையும் சேரும் கோட்டின்மேல் பிட்டுமன் பூசி மணல் தூவினால் தண்ணீர் நுழையும் கடைசி வழியும் அடைபடும்.

எவ்வளவு கலவை தேவை என்பதை எளிதில் கணக்கிடலாம். 60 செ.மீ. நீளம், 50 செ.மீ. அகலம், 5 செ.மீ. ஆழம் கொண்ட குழியின் கொள்ளளவு 0.015 கன மீட்டர். இறுகிய கலவையின் எடை கன மீட்டருக்குச் சுமார் 2,300 கிலோ என்று கொண்டால் இக்குழிக்குச் சுமார் 35 கிலோ தேவை. இதையே 20 கிலோவில் மூடியிருந்தால் குழி நிரம்பியது போலத் தெரிந்தாலும் உள்ளே இறுக்கம் இல்லை என்றறியலாம்.

அவசர முறைகள்

மழைக்காலத்தில் குழியை வெட்டி உலர்த்த நேரமிருக்காது. கலவை ஆலைகளும் இயங்காது. ஆயினும் குழியை அப்படியே விட முடியாது. அப்போது பைகளில் அடைத்து வைத்த ஆயத்தக் குளிர் கலவை கைகொடுக்கிறது. கட்பேக் பிட்டுமனால் செய்யப்படும் இத்தகைய கலவைக்கு இந்தியச் சாலைகள் காங்கிரஸ் 2014இல் ஐ.ஆர்.சி. 116 என்ற தர விதிமுறையை வெளியிட்டது. எமல்ஷன் வகைக் குளிர் கலவைகளுக்குத் தனி வழிகாட்டு நூல் உள்ளது. தார்ப்பரப்புப் பராமரிப்பு முழுவதற்கும் உரிய பொது நூல் ஐ.ஆர்.சி. 82, அதன் திருத்திய பதிப்பு 2015இல் வந்தது.

இன்னொரு முறை தெளித்து நிரப்புவது. வண்டியில் பொருத்திய குழாய் முதலில் காற்றை ஊதிக் குழியைச் சுத்தம் செய்யும். பின் எமல்ஷனைத் தெளிக்கும். அடுத்து எமல்ஷனில் நனைந்த சிறு ஜல்லியை வேகத்துடன் பாய்ச்சும். இறுதியில் உலர் ஜல்லியால் மூடும். வேகமே இறுக்கமாவதால் ரோலர் தேவையில்லை.

குழியை வெட்டாமல், கலவையைக் கொட்டி, லாரிச் சக்கரத்தால் ஏற்றி இறக்கி இறுக்கும் எளிய முறை தரக்குறைவானது என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 1991 முதல் அமெரிக்காவிலும் கனடாவிலும் எட்டு இடங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஒட்டுகளைப் போட்டு ஆண்டுக்கணக்கில் கண்காணித்த ஆய்வு இதில் ஒரு தெளிவைத் தந்தது. தரமான குளிர் கலவையைப் பயன்படுத்தி, சக்கரத்தால் முறையாக இறுக்கிய ஒட்டுகள், வெட்டிச் சதுரமாக்கிப் போட்ட ஒட்டுகளுக்கு இணையாகவே நின்றன. மட்டமான கலவையோ எந்த முறையிலும் நிற்கவில்லை. அவசர முறையில் கைவிடக்கூடாதவை நல்ல கலவையும் இறுக்கமும்தான் என்பதே இதன் பாடம். கலவையைக் கொட்டி மண்வெட்டியின் பின்பக்கத்தால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போவது இம்முறையில் சேராது.

பொதுவான தவறுகள்

குழியில் மண், செங்கல் உடைசல், கட்டடக் கழிவு ஆகியவற்றைக் கொட்டுவது நல்லெண்ணத்தோடு செய்யப்படும் தவறு. ஓரிரு நாள் பள்ளம் தெரியாது. மழை வந்ததும் மண் கரைந்து சேறாகி, செங்கல் பொடிந்து, குழியின் ஆழத்தை மறைக்கும் கலங்கல் நீராகிவிடும். பின்னர் முறையாக ஒட்டுப்போடுவோர் அதை முழுவதும் தோண்டியெடுக்க வேண்டியிருக்கும்.

சிமெண்ட் கான்கிரீட்டையோ பேவர் கல்லையோ கொண்டு தார்ச் சாலைக் குழியை மூடுவதும் உண்டு. தார்ச் சாலை பாரத்துக்குச் சிறிது வளைந்து கொடுக்கும். கான்கிரீட் அவ்வாறு வளையாது. இரண்டும் சேருமிடத்தில் பிளவு விழுந்து தண்ணீர் இறங்கும்.

குழிகளைச் சரிசெய்யாமல் அவற்றின்மேல் புதிய தளத்தை விரிப்பது அடுத்த தவறு. கீழுள்ள நோய் மேலேயும் எழும். அதோடு, பழைய தளத்தைச் சுரண்டாமல் மேலே மேலே போடுவதால் சாலை மட்டம் உயர்ந்து, தெருவில் ஓட வேண்டிய மழைநீர் வீடுகளுக்குள் புகுகிறது. பழைய தளத்தைச் சுரண்டியெடுத்த பிறகே புதிய தளம் போட வேண்டும் என்று 2021 மே மாதம் தமிழ்நாடு அரசின் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு அறிவுறுத்தினார்.

வடிகாலை மறப்பது எல்லாவற்றிலும் பெரிய தவறு. சாலையின் நடுப்பகுதி உயர்ந்தும் ஓரம் தாழ்ந்தும் இருப்பது தண்ணீர் வழிந்தோடுவதற்காகவே. 7 மீட்டர் அகலச் சாலையில் 2.5 விழுக்காடு சரிவு என்றால் நடுப்பகுதி ஓரத்தைவிடச் சுமார் 9 செ.மீ. உயர்ந்திருக்கும். ஓரத்தில் மண் மேடிட்டோ வடிகால் அடைபட்டோ இருந்தால் அந்தச் சரிவால் பயனில்லை. தண்ணீர் தேங்கும் இடத்தில் எத்தனை முறை ஒட்டுப்போட்டாலும் முதலில் செய்ய வேண்டியது தண்ணீருக்கு வழிவிடுவதே.

வேலையிடப் பாதுகாப்பு

சாலைப் பணியாளருக்கு இரண்டு ஆபத்துகள் உண்டு: ஓடும் வண்டிகள், கொதிக்கும் தார். வேலை நடக்கும் இடத்துக்கு வெகுமுன்பே எச்சரிக்கைப் பலகையும், தொடர்ந்து கூம்புகளும் வைத்து, ஒளிரும் மேலாடை அணிந்த ஒருவர் கொடியுடன் நிற்க வேண்டும். வெட்டிய குழியை இரவில் மூடாமல் விட நேர்ந்தால் தடுப்பும் விளக்கும் கட்டாயம் தேவை.

சூடான தார் மேலே பட்டால் உடனே குளிர்ந்த நீரை நெடுநேரம் ஊற்றி ஆற்ற வேண்டும். ஒட்டிய தாரைப் பிய்க்கக்கூடாது. பிய்த்தால் தோலும் சேர்ந்து வரும். அப்படியே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். கட்பேக் பிட்டுமனிலுள்ள எண்ணெய் தீப்பற்றக் கூடியதாகையால் அதன் அருகே நெருப்பு ஆகாது.

உயிரிழப்பும் சட்டமும்

சாலைக் குழியால் அதிகம் பாதிக்கப்படுவோர் இருசக்கர வண்டியில் செல்வோர். தண்ணீர் நிரம்பிய குழியின் ஆழம் தெரியாமல் இறங்கிச் சறுக்குவதும், குழியைத் தவிர்க்க ஒதுங்கும்போது பின்னால் வரும் வண்டியில் சிக்குவதும் அடிக்கடி நிகழ்பவை. மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2017இல் மட்டும் இந்தியாவில் 3,597 பேர் குழிகளால் நேர்ந்த விபத்துகளில் இறந்தனர். 2013 முதல் 2017 வரையிலான ஐந்தாண்டுகளில் இவ்வாறு 14,926 பேர் இறந்ததை 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. எல்லையில் கொல்லப்படுவோரைவிட இந்த எண்ணிக்கை கூடுதலாக இருக்கக்கூடும் என்றும் அது கவலை தெரிவித்தது.

2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தில் 198ஏ என்ற புதிய பிரிவு சேர்க்கப்பட்டது. சாலையின் வடிவமைப்பு, கட்டுமானம், பராமரிப்பு ஆகியவற்றில் தர விதிகளைப் பின்பற்றாததால் மரணமோ உடல் ஊனமோ ஏற்பட்டால், பொறுப்பான அதிகாரி, ஒப்பந்ததாரர், ஆலோசகர் ஆகியோருக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இது வழி செய்கிறது.

குழியைப் பற்றி முறையிட விரும்புவோர் அச்சாலை யாருடையது என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். தேசிய நெடுஞ்சாலைகள் மத்திய அமைச்சகத்தின் பொறுப்பு. அவற்றுள் பல தேசிய நெடுஞ்சாலைகள் ஆணையத்திடம் உள்ளன. மாநில நெடுஞ்சாலைகளும் மாவட்டச் சாலைகளும் தமிழ்நாடு நெடுஞ்சாலைத் துறையைச் சேர்ந்தவை. ஊரகச் சாலைகள் பெரும்பாலும் ஊராட்சி ஒன்றியங்களுக்கும், நகரத் தெருக்கள் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிகளுக்கும் உரியவை. நெடுஞ்சாலைத் துறைச் சாலைகளிலுள்ள குழிகளைப் படத்துடன் தெரிவிக்க 'நம்ம சாலை' என்ற கைபேசிச் செயலி 2023இல் தொடங்கப்பட்டது.

பராமரிப்பு நாட்காட்டி

தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையே முதன்மை மழை. எனவே விரிசல் அடைப்பும் சீல் கோட்டும் செப்டம்பருக்குள் முடிந்திருக்க வேண்டும். கன்னியாகுமரி, நீலகிரி போன்ற மாவட்டங்களில் தென்மேற்குப் பருவமழை ஜூனிலேயே தொடங்குவதால் அங்கு மே மாதமே கடைசி வாய்ப்பு. வடிகால்களைத் தூர்வாருவதும் சாலையோர மண்மேட்டைச் செதுக்குவதும் இதனுடன் சேர்ந்தவை.

மழை பெய்யும் மாதங்களில் குளிர் கலவையால் அவசர ஒட்டு மட்டுமே இயலும். அந்த ஒட்டுகளைப் பதிவேட்டில் குறித்துவைத்து, ஜனவரி முதல் சாலை உலர்ந்த பின் ஒவ்வொன்றையும் வெட்டிச் சூட்டுக் கலவையால் முறையாகப் போட வேண்டும். இந்த இரண்டாவது வேலை விடுபட்டால், தற்காலிக ஒட்டு அடுத்த மழையில் அதே இடத்தில் குழியாகும். ஒரே இடத்தில் மூன்றாம் முறை ஒட்டுப்போட நேர்ந்தால், அங்கு கலவையைக் கூட்டுவதற்கு முன் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, அடித்தளம் எந்த நிலையில் உள்ளது என்று தோண்டிப் பார்ப்பதே சரியான நடைமுறை.